கம்பிக்காரம்மாவின் கைதட்டல்

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைக் கம்பிக்காரம்மா என்றால்தான் தெரியும். நின்றுபோன இதயம் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் கண் திறக்காமல் கிடப்பவர்களின் தலையில் இருபத்தோரு கம்பிகளைப் பசை வைத்து ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைத் திரையில் கோடுகளாகப் பதிவு செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதேதான். மூக்கு நுனியில் கோபம். ஒட்டும்போது யாராவது கட்டிலை இடித்துவிட்டால் தொலைந்தோம். நர்ஸ் என்கிற மரியாதையெல்லாம் எனக்கும் கிடையாது.

"நாள் பூரா அடுத்தவங்க தலையப் பாக்கறியே, என் தலைய ஒரு நாள் பாரேன்" என்பாராம் பஸ் ஓட்டும் கணவர். "பசைதான் வீணாப் போகும்" என்பாராம் இவர்.

பதிவின் நடுவே நோயாளியின் நகத்தை அழுத்துவார், பிறகு காதருகே கைதட்டுவார். கோடு மாறினால் மூளைக்குச் சேதி போகிறது, நம்பிக்கை வைக்கலாம். மாறாவிட்டால், மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டாக்டர் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசுவார். அந்தக் கைதட்டலுக்கு வராந்தாவில் இருப்பவர்கள்கூடத் திடுக்கிடுவார்கள்.

போன மாதம் தகரப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தவர். மயக்க மருந்தை நிறுத்தி இரண்டு நாளாகியும், ஐந்தாம் நாள்வரை அசைவில்லை. சுவாசக் கருவியை நிறுத்துவதா வேண்டாமா என்று மாலை நான்கு மணிக்கு அவர் மனைவியிடம் டாக்டர் பேசுவதாக இருந்தது. அதற்கு முன் கம்பிக்காரம்மா பதிவெடுத்தார். நகத்தை அழுத்தியபோது கோடு லேசாக ஆடியது. ஆனால் அது வெறும் தசைத் துடிப்பாகவும் இருக்கலாம். மூன்று முறை கைதட்டினார். கோடு அப்படியே போனது. 'சத்தத்துக்கு மாற்றமில்லை' என்று எழுதிவிட்டுக் கம்பிகளைக் கழற்றினார்.

பசையைத் துடைக்கும்போது மனைவியை உள்ளே விட்டேன். அதுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர். நேராகக் கணவரின் காதருகே குனிந்து, "நான் வந்திருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏம்மா இப்படிக் கத்தறீங்க?" என்று சீறினார் கம்பிக்காரம்மா.

"தகரத்தத் தட்டித் தட்டியே அவருக்குக் காது போயிடுச்சுங்க. மெஷின் வெக்கலேன்னா இடி விழுந்தாலும் கேக்காது." கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "சேத்த அன்னிக்கே கழட்டி என்கிட்ட குடுத்துட்டாங்க."

கம்பிக்காரம்மாவின் முகம் வெளிறிப்போனது. இருபத்தோரு கம்பிகளையும் முதலிலிருந்து ஒட்டினார். அதற்குள் மணி மூன்றரை. காதுகளில் மெஷினைப் பொருத்தி, "நீங்களே பேசுங்கம்மா" என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என்ன பேசுவதென்று தெரியாமல் அந்த அம்மா விழித்தார். பிறகு, "பட்டறையப் பூட்டிட்டேங்க. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார்.

கோடுகள் மாறின. மறுபடி பேசினார், மறுபடி மாறின. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

நான்கு மணிக்கு டாக்டர், "எழுந்துடுவாருன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பொறுத்துப் பாக்கலாம்மா" என்றார். பதினோராம் நாள் பட்டறைக்காரர் கண் திறந்தார். இப்போது சாதாரண வார்டில், மனைவி ஊட்டிவிடுவது பிடிக்காமல் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த கம்பிக்காரம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வாய் நிறையச் சிரிப்பு. பாதி டீயில் நிறுத்திவிட்டு, "இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் கேக்காமலே இருந்துச்சோ" என்றார்.

மறுநாள் புதிதாக ஒரு நோயாளி. பசை டப்பாவைத் திறக்காமல் வராந்தாவுக்குப் போய், அழுதுகொண்டிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்:

"அப்பாவுக்குக் காது நல்லா கேக்குமாம்மா?"