ஹாலுக்குத் தரை தேடிப் புதுச்சேரிக்கு

பாண்டிச்சேரிக்குப் போய் வந்தேன் என்றால், கடற்கரைக்குப் போனீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. 1959 மே மாதம், பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தபோது, ஒரு பகல் முழுக்க அந்த ஊரில் குனிந்த தலை நிமிராமல் சுற்றினேன். அடக்க ஒடுக்கத்தினால் அல்ல. திண்டிவனத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டு ஹாலுக்கு என்ன தரை போடுவது என்று பார்க்கப் போயிருந்தேன். வீடு கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் விவரம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. மாதத்தில் பாதி நாள் ரயிலோடு போய்விடுவார். ஆக, வீடு கட்டும் தலைவலி முழுக்க என் தலையில். சுவர் கோணினாலும் பரவாயில்லை, தரை மட்டும் தப்பாகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் என் மகள் வசந்தி. ஒன்பது வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரைக்கும் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். அதைக் கழற்றினால் நிற்க முடியாது.

நாங்கள் இருந்த வாடகை வீட்டின் தரை பழைய சிமெண்டுத் தரை. வருஷக்கணக்கில் தேய்ந்து மழமழவென்று இருக்கும், அங்கங்கே குழி, போதாததற்குச் சமையல்கட்டு ஈரம் வேறு. ஹால் நடுவில் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாம் தடவை முன்பல் உடைந்தது. அதிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டு ஓரமாகவே நடந்தாள். அவள் கை உயரத்தில் சுவர் நெடுக ஓர் அழுக்குக் கோடு விழுந்துவிட்டது. புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்று என்னிடம் கேட்டாள்: "அம்மா, அந்த வீட்ல நடுவுல நடக்கலாமா?" நடக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. குழியும் ஈரமும்தான் எதிரி என்று கணக்குப் போட்டேன். அப்படியானால் இணைப்பே இல்லாத, ஒரே சீரான, ஈரம் பட்டாலும் வழுக்காத தரை வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து சரோஜா டீச்சர், கருவடிக்குப்பத்தில் கோதண்டம் என்று ஒரு கொத்தனார் இருக்கிறார், சிவப்புத் தரை போடுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று சொன்னாள். கடிதம் போட்டேன். "வந்து என் வேலையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோணாங்குப்பத்தில் ஒரு வேலையை ஒத்துக்கொண்டுவிடுவேன்" என்று பதில் வந்தது. மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காலை ஆறு பத்துக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். இருபத்து மூன்று மைல், தொண்ணூற்றைந்து நயா பைசா. கையில் ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு, ஒரு பாட்டில் தண்ணீர். தண்ணீர் குடிப்பதற்கு அல்ல, தரையில் ஊற்றி நடந்து பார்ப்பதற்கு. ஏழரைக்கு இறங்கினேன். கருவடிக்குப்பம் இரண்டரை மைல் என்று ரிக்ஷாக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார்.

"அறுபது பைசா" என்றேன்.

"வெயிலப் பாருங்கம்மா."

"எனக்கும் அதே வெயில்தாம்பா."

அறுபத்தைந்துக்கு வந்தார்.

கோதண்டத்துக்கு ஐம்பது வயதிருக்கும். சைக்கிளில் முன்னால் போனார். ரிக்ஷாவில் நான் பின்னால். முதலில் கூட்டிக்கொண்டு போனது ஒரு கருவாட்டு வியாபாரியின் புது வீடு. கடலோரக் குப்பத்தில் இருந்தவர்கள், வியாபாரம் பெருகி மேட்டில் மச்சு வீடு கட்டியிருக்கிறார்கள். வீட்டம்மா அஞ்சலை வாசலுக்கே வந்து அழைத்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஆளை அசத்தும் தரை. பதினாறுக்குப் பன்னிரண்டு ஹால். ஒரு கோடு, ஒரு வெடிப்பு கிடையாது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு ரேடியோ, மூன்றும் தரைக்குள்ளே தலைகீழாகத் தெரிந்தன. அடியில் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே சிமெண்டுக் கலவை, அதற்கு மேலே சிமெண்டோடு காவிப்பொடி கலந்து கரண்டியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியதாம். பிறகு பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தி, தேங்காய் எண்ணெய் போட்டு மினுக்கியிருக்கிறார்கள்.

"மீன் வாசனை வருதா டீச்சர்? ஒளிக்காம சொல்லுங்க" என்றார் அஞ்சலை.

"எண்ணெய் வாசனைதாங்க வருது."

"அப்பாடா! கூடைய வாசலத் தாண்ட விடமாட்டேன் நானு."

அனுமதி கேட்டுத் தண்ணீரை ஊற்றி, மேலும் கீழும் பத்து தடவை நடந்தேன். கால்விரல்கள் தாமாகவே தரையைப் பிடித்துக்கொண்டன. வழுக்கவில்லை. கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "குனிஞ்சி பாத்து பொட்டு வச்சிக்கலாம் டீச்சர்" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அங்கேயே, "வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நல்ல காவிப்பொடி ஊருக்குத் தெற்கே முஸ்லிம் வீதியில் ஒரு பாய் கடையில் கிடைக்கும் என்று கோதண்டம் அங்கேயும் கூட வந்தார். பாய் தரைக்கல்லும் விற்கிறவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. முன்னறையில் கடப்பைக் கல் பதித்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஏறினால், பதினொரு மணி வெயிலில் வந்த காலுக்கு அப்படியொரு குளிர்ச்சி. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே என் நகம் இறங்கியது. பூட்ஸ் முனை மாட்டினால்? நோட்டில் பெருக்கல் குறி போட்டேன். பழைய வீடுகளில் போடும் தட்டோடு என்கிற சுட்ட மண் ஓடு பற்றிக் கேட்டேன். காலுக்கு நல்லது, மூலை உடைந்தால் பெயர்ந்துவிடும் என்றார். காரைக்குடிப் பக்கத்தில் செய்கிற பூப்போட்ட தரைக்கல்லும் நாலு காட்டினார்.

"டீச்சர், ஆயிரம் கேள்வி கேட்டுட்டு கடசில நீங்க காவிப்பொடிதான் வாங்கப்போறீங்க. உங்க மூஞ்சியிலயே சிவப்பு தெரியுது" என்றார் பாய்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. பொடியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, முக்கால் ரூபாய்க்கு ஒரு சாப்பாட்டையும் முடித்துக்கொண்டேன். ரசம் நன்றாக இருந்தது.

அதோடு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் போட்ட கணக்கை ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். "பழசான பிறகு இந்தத் தரை எப்படி இருக்கும்? காட்டுங்க" என்றேன். கோதண்டம் ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் பகுதியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் தரை போட்ட வீடு. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தமிழர். அன்று வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. ஊரில் எல்லோருக்கும் அவர் மதாம். கோதண்டம் வெளியே மர நிழலில் பீடி பற்ற வைத்தார்.

நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"வேணாம், வேணாம், போட்டுக்கினே வாங்க. இங்க யாரும் கழட்டறதில்ல" என்றார் மதாம். அவர் காலிலும் குதிகால் வைத்த தோல் ஷூ.

வீட்டுக்குள் செருப்போடு நடப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. தயங்கித் தயங்கித்தான் போனேன். 'சலோன்' என்று அவர்கள் சொல்லும் முன் ஹாலில் அதே சிவப்புத் தரை, அதே மினுமினுப்பு. நாலாவது அடியில் தோல் செருப்பு சர்ரென்று முன்னால் ஓடியது. மேஜையைப் பிடித்திராவிட்டால் இடுப்பு போயிருக்கும். பாட்டில் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. நான் வழுக்கிய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"மோன் தியூ! கடவுளே, அடி பட்டுச்சா?" என்று ஓடிவந்தார் மதாம். "இந்த சலோன் விருந்தாளிங்களுக்கு. நாங்க புழங்கறதெல்லாம் உள்ளதான். அங்க வழுக்காது."

நான் குனிந்து என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தேன். காலையிலிருந்து பார்த்த தரையையெல்லாம் வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் வெறுங்கால்தான், ஒருத்தியைத் தவிர. யாருக்காகத் தரை தேடி வந்தேனோ அவள் ஒருத்திதான் வீட்டுக்குள் பூட்ஸ் போட்டு நடக்கிறவள். அவளுக்குத் தரையைப் பிடிக்க விரல் ஏது? கணக்கு டீச்சராம், கணக்கு டீச்சர். வெட்கமாகப் போய்விட்டது.

"உங்க வீட்டுக்காரர் பூட்ஸ் ஒண்ணு குடுப்பீங்களா? ஒரு நிமிஷத்துக்கு" என்று கேட்டேன். மதாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வசந்தியைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போய், பழைய பட்டாளத்து பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, அவரே கீழே உட்கார்ந்து என் இடது காலில் மாட்டிக் கயிற்றைக் கட்டினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது முழங்காலை மடக்காமல், என் மகள் நடக்கிற மாதிரி நடந்தேன். ஏழு வருஷமாக அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது அப்படி நடந்து பார்த்ததில்லை. மூன்றாவது அடியில் என் கை தானாகப் போய்ச் சுவரைத் தொட்டது. அழுதுவிட்டேன். மதாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அதுவும் சிமெண்டுத் தரைதான், சாம்பல் நிறம். கரண்டியால் மினுக்காமல் மரக்கட்டையால் தேய்த்து விட்டது. ஈரமாக இருக்கும்போதே நூல் கயிற்றை அழுத்தி முக்கால் அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டில் பூட்ஸ் மாட்டவில்லை, நுனி மட்டும் வழுக்காமல் பிடித்து நின்றது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சுவரைத் தொடாமல், நடுவிலேயே நடந்தேன்.

வெளியே வந்து கோதண்டத்திடம் சொன்னேன்: "ஹாலுக்கு பாலிஷ் வேணாம். இவங்க உள்ளறைத் தரைதான் வேணும்."

பீடியைக் கீழே போட்டார். "இன்னா டீச்சர் இது! மாட்டுக் கொட்டாய்க்குப் போடற வேலைக்கு எதுக்குக் கோதண்டம்?"

"இந்த வீட்ல உள்ள போட்டது நீங்கதானே?"

"உள்ள யாரு பாக்கறா? நீங்க கேக்கறது ஹாலு. நாலு பேர் வர எடம்."

"நாலு பேர் வருவாங்க, காபி குடிப்பாங்க, போயிடுவாங்க. எம்பொண்ணு அங்கதான் இருக்கப்போறா" என்று ஆரம்பித்து, பல் உடைந்தது வரை சொன்னேன். இதைக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மொதல்லயே சொல்லக்கூடாதா? பூட்ஸ் காலுக்குக் காவி பாலிஷ் ஆவவே ஆவாது. சரி, வரேன். ஆனா சுவத்தோரமா ஒன்றரை அடி மட்டும் பாலிஷ் போட்டு விடறேன். அதுவும் இல்லன்னா எம்பேரு நாறிடும்."

ஓரத்தில் பெஞ்சும் அலமாரியும்தான் வரப்போகின்றன, வாங்கிய பொடியும் வீணாகாது என்பதால் ஒத்துக்கொண்டேன். ஐந்தேகாலுக்கு பஸ், ஆறு நாற்பதுக்குத் திண்டிவனம்.

தரை பார்க்க இதே மாதிரி போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை பஸ்ஸைப் பிடித்தால் ஒரே பகலில் முடித்துவிடலாம், தங்க வேண்டியதில்லை. ரிக்ஷா வாடகையை ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள். மழை கொட்டுகிற ஐப்பசியில் போகாதீர்கள், எந்தத் தரையும் அசல் முகத்தைக் காட்டாது. போட்ட தரையில் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். கொத்தனார் ஏழு என்பார், கேட்காதீர்கள். மினுக்காத தரையில் கறை சீக்கிரம் பிடிக்கும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். எங்கள் ஹால் பதினாலுக்குப் பதினொன்று, நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்கிற கொத்தனார் கணக்கில் ஒன்றரைச் சதுரத்துக்குச் சற்று மேல். வேலை நாலு நாள். முக்கியமானது: உங்கள் வீட்டில் யார் எதைப் போட்டுக்கொண்டு, எதை ஊன்றிக்கொண்டு நடக்கிறார்களோ, அதையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் போதாது.

ஆவணியில் பால் காய்ச்சினோம். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். நடுத்தரையைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை, "இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்றுகூட ஒருத்தி கேட்டாள். சரோஜா டீச்சர் மட்டும், பெஞ்சும் அலமாரியும் இன்னும் வராத பக்கத்தில், கோதண்டத்தின் ஓரத்துச் சிவப்பில் முகம் பார்த்துக்கொண்டே சுவரோரமாக வந்தாள். வசந்தி ஹாலுக்கு நட்டநடுவில், எதையும் பிடிக்காமல், இரண்டு கையிலும் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தாள்.

"டீச்சர், ஓரமா நடக்காதீங்க, வழுக்கும்" என்று அதட்டினாள். "நடுவுல வாங்க."

வெறுங்காலுக்கு அந்த ஓரம் வழுக்காது. ஆனாலும் சரோஜா டீச்சர் பயந்து நடுவுக்கு வந்துவிட்டாள். நான் திருத்தவில்லை.