மொரிஸ் மைனரின் வேகமுள்

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் றிஸ்லாவின் வீடு இருக்கிறது. முன்னறையில் மற்ற வீடுகளில் சோபா கிடக்கும் இடத்தில் இங்கே ஒரு நீள மேசை. அதன்மேல் பழைய கார்களின் முகப்பிலிருந்து கழற்றிய மீற்றர்கள் வரிசையாகக் கிடக்கும். வேகம் காட்டுபவை, பெற்றோல் அளவு காட்டுபவை, எஞ்சின் சூடு காட்டுபவை. காலி, கண்டி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களிலிருந்து பார்சலில் வருகின்றன. முள் அசையாமல் வந்தவை அசைந்துகொண்டு திரும்பிப் போகின்றன.

றிஸ்லாவுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணத்துக்கு முன் கொழும்பில், ஆஸ்பத்திரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவு கருவிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் ஆறு வருடம் வேலை செய்தாள். ஒரு முள் சரியாகத்தான் காட்டுகிறதா என்பதை அதைவிடத் திருத்தமான இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது அங்கே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கணித ஆசிரியரான பஸாலைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகு, சுற்றுவட்டார டிஸ்பென்சரிகளின் பிரஷர் பார்க்கும் கருவிகளைத் திருத்திக் கொடுத்தாள். பிறகு இறக்குமதித் தடையால் நாட்டுக்குள் புது வாகனங்கள் வருவது நின்றது. கொட்டில்களில் தூசி படிந்து நின்ற பழைய கார்களையெல்லாம் ஆட்கள் தள்ளி வெளியே எடுத்தார்கள். ஒருநாள் ஒரு டொக்டர் தன் பிரஷர் கருவியோடு ஒரு பழைய வோக்ஸ்வேகனின் வேக மீற்றரையும் கொண்டுவந்து வைத்தார்.

“இதுவும் ஒரு முள்ளுதானே, தங்கச்சி. பாருங்களன்,” என்றார்.

அவள் பார்த்தாள். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம், தலைமயிரை விட மெல்லிய சுருள் ஒன்று. அவ்வளவுதான். கார் ஓட ஓட ஒரு கேபிள் சுழன்று காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் கிண்ணத்தை இழுக்கிறது. சுருள் அதைப் பிடித்து வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் முள் நிற்கிறது. இரண்டு நாளில் அதை ஓட வைத்தாள். டொக்டர் அதைப் படம் பிடித்துப் பழைய கார்க்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குப் பிறகு பிரஷர் கருவிகளுக்கு மேசையில் இடமில்லாமல் போனது.

கல்முனை இராசதுரை ஐயா வந்தது போன வருடம் மாசி மாதத்தில். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது. அந்தக் காரின் முகப்பில் நடுவில் ஒரேயொரு பெரிய வட்ட மீற்றர்தான். வேகமும் பெற்றோலும் ஓடிய தூரமும் அதற்குள்ளேயே. அவருடையதில் எதுவும் வேலை செய்யவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, பொன்னிற முகத்தில் பாசி மாதிரிப் படிந்திருந்தது.

“புத்தம் புதுசு மாதிரி வேணும் பிள்ள. பெயின்ற் அடிச்சிரு.”

“அடிக்க மாட்டன் ஐயா,” என்றாள் றிஸ்லா. “இந்த எழுத்து கம்பனியில அச்சடிச்சது. நான் துடைச்செடுப்பன். அழிஞ்சதை மட்டும்தான் வரைவன்.”

“சரி, ஒங்கட விருப்பம்,” என்று அவர் விட்டுப் போனார். அவருக்கு அவசரம் இருந்தது. சித்திரையில் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பழைய கார்களின் ஓட்டப்போட்டி. முந்தி வருபவருக்குப் பரிசில்லை. சொன்ன வேகத்தில் கூடாமல் குறையாமல் ஓடுபவருக்குத்தான் புள்ளி. முள் பிழையாகக் காட்டினால் எல்லாம் பிழையாகிவிடும்.

மூன்று வாரம் எடுத்தாள். முகத்தை ஊசி முனையளவு பஞ்சால் துடைத்தாள். ‘30’இல் பாதி அழிந்திருந்த மூன்றை நல்ல மூன்று ஒன்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். காந்தத்தைச் சரிபார்த்து, மேசையில் மோட்டரில் பூட்டி, பத்துப் பத்து மைலாகக் கூட்டி அளந்தாள். அரை மைல்கூடப் பிசகவில்லை.

மீற்றரைக் காரில் பூட்டிய மறுநாள் இராசதுரை ஐயா கோபமாக வந்து நின்றார்.

“என்ன வேல செஞ்சிரிக்கீங்க? முள்ளு நாப்பது காட்டக்குள்ள போன் முப்பத்தி நாலு காட்டுது. மெக்கானிக் ஜவுபர் பாசும் பாத்தாரு. மீற்றர் பழுதெண்டுதான் அவரும் சொல்றாரு.”

“மீற்றர் சரி ஐயா. என்ட மேசையில அளந்துதான் தந்தன்.”

“மேசையிலயா பிள்ள நான் கார் ஓடப்போறன்?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் நிற்கவில்லை. பின்னேரமே அதே வட்ஸ்அப் குழுவில், நாற்பதும் முப்பத்து நான்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற படத்தைப் போட்டுவிட்டார். இருட்டும் முன்பே காலிக்காரர் ஒருவர் தன் மீற்றரைத் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். கண்டியிலிருந்து இன்னொருவரும் அதையே கேட்டார்.

பஸால் அந்தப் படத்தைப் பார்த்தார். “பிழை ஒரே பங்கில வருதா, வேகத்துக்கு வேகம் மாறுதா?” என்று கேட்டார்.

“ஒரே பங்கு. இருபதில பதினேழு. நாப்பதில முப்பத்தி நாலு. அவரே எழுதியிரிக்காரு.”

“அப்ப அது விகிதம்.”

“ஓம். மீற்றர் கெட்டா இப்பிடி ஒழுங்காக் கெடாது. கேபிள்தான் கூடச் சுத்துது. காருக்குள்ள என்னமோ மாறியிரிக்கி.” அவள் காலையில் போட அபாயாவை எடுத்து வைத்தாள். “நாளைக்குக் காலையில என்னைக் கராஜிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஜவுபர் பாஸின் கராஜ் சவளக்கடைக்குப் போகும் பக்கம். ஐம்பத்தைந்து வயது மெக்கானிக். காரின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லுவார் என்று பெயர். பெண்ணொருத்தி அளவு நாடாவோடு உள்ளே வந்ததைக் கண்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். றிஸ்லா அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்துச் சலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“நானா, கேபிளை மீற்றரில இருந்து கழட்டித் தாங்க. மறுகா காரைத் தள்ள ரெண்டு பேர் வேணும்.”

“தள்ளி?”

“எண்ணப் போறன்.”

மீற்றரின் முகத்தில் அடியில் சின்னதாக 1408 என்று ஓர் எண் இருந்தது. கார் ஒரு மைல் ஓடினால் கேபிள் அத்தனை தரம் சுழல வேண்டும் என்பது அதன் பொருள். றிஸ்லா கராஜின் முன்னால் பதினாறு மீற்றர் ஒன்பது சென்ரிமீற்றர் அளந்து இரண்டு சோக்குக் கோடு போட்டாள். ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தூரத்துக்குக் கேபிள் பதினான்கு தரம் சுழன்றால் கார் சரி, மீற்றர்தான் பிழை. கேபிளின் நுனியில் சிவப்புக் காகிதத் துண்டொன்றை ஒட்டிக்கொண்டு முன் சீற்றில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் காரை ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு மெல்லத் தள்ளினார்கள். அவள் வாய்விட்டு எண்ணினாள். பதினான்கில் கார் நிற்கவில்லை. பதினைந்து. பதினாறு. பதினாறரை தாண்டி நின்றது.

திரும்பவும் தள்ளச் சொன்னாள். மூன்றாவது முறை ஜவுபர் பாஸே குனிந்து நின்று அவளோடு சேர்ந்து எண்ணினார்.

எண்ணி முடித்தவர் காரின் பின்பக்கம் போனார். ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்து, பின் சக்கரங்களைச் சுழற்றும் டிப்ரன்சலை ரோச் லைற் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தார்.

“இது என்ட வேலதான், தங்கச்சி. பதினஞ்சி வரிசத்துக்கு முந்தி இதிட டிப்ரன்சல் ஒடஞ்சிது. காருக்குரியது கிடைக்கல்ல. கண்டியில ஒரு மொரிஸ் வானுடத எடுத்துப் போட்டன். வான் பாரம் இழுக்கிறது, பல்லு வேற. அதே தூரத்துக்கு எஞ்சினும் கேபிளும் கூடச் சுத்தும். நான் மறந்தே போயிட்டன்.”

இராசதுரை ஐயா ஓரமாக ஒரு டயரில் உட்கார்ந்திருந்தார். “அதான் ஏத்தத்துல நல்லா இழுக்கிது, சமன்ல கத்துது,” என்று மெல்லச் சொன்னார். பிறகு றிஸ்லாவின் முகத்தைப் பார்த்தார். “ஒங்களக் கேட்டுட்டுத்தான் அந்தப் படத்தப் போட்டிருக்கணும் பிள்ள.”

“முதல்ல வேலையை முடிப்பம் ஐயா,” என்றாள் அவள்.

அவளுக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் கோடுகளுக்கு நடுவே எண்ணியபோதே அவள் மனது தீர்வுக்குத் தாவிவிட்டது. காருக்குரிய டிப்ரன்சலைத் தேடிப் பிடிக்க நாளில்லை. காந்தத்தின் பலத்தைக் குறைத்தால் முள் சரியாகும், ஆனால் தூரம் பிழையாகவே ஓடும். போட்டியில் இரண்டும் வேண்டும். வழியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, கேபிளின் சுழற்சியைக் குறைத்து மீற்றருக்குக் கொடுப்பதுதான் ஒரே வழி. இருபதுக்குப் பதினேழு. பதினேழு பல்லுச் சக்கரமொன்று இருபது பல்லுச் சக்கரமொன்றை ஓட்ட வேண்டும்.

வீட்டில் பழைய போட்டோக்கொப்பி மெஷின்களிலிருந்து கழற்றிய சக்கரங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பாய் விரித்துக் கொட்டி, பஸாலும் அவளுமாக இருந்து பல்லெண்ணினார்கள். ஒரே அளவுப் பல்லில் பதினேழும் இருபதும் மறுநாள் கிடைத்தன. ஜவுபர் பாஸ் லேத்தில் பித்தளைப் பெட்டி கடைந்து கொண்டுவந்தார்.

பூட்டி, காரை கராஜைச் சுற்றி ஓட விட்டார்கள். முள் எழும்பவில்லை. பூச்சியத்துக்குக் கீழே போய், நிறுத்தும் ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது. தூரம் காட்டும் கடைசி இலக்கம் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியது.

ஜவுபர் பாஸ் மீற்றரை எட்டிப் பார்த்தார். “கார் விக்கிற புறோக்கர்மார் கண்டா ஒங்கள விட மாட்டாங்க, தங்கச்சி. ஓட ஓட வயசு கொறயிது.”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு சக்கரம் ஒன்றையொன்று ஓட்டினால் இரண்டாவது எதிர்ப்பக்கம் சுழலும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இருபதுக்குப் பதினேழு என்ற கணக்கிலேயே அவள் மூழ்கிப் போயிருந்தாள். அடுத்த நிமிடம் அவளும் சிரித்துவிட்டாள்.

“நடுவில இன்னொரு சக்கரம் வேணும். எத்தின பல்லெண்டாலும் பரவாயில்ல. பெட்டியைக் கொஞ்சம் நீட்டித் தருவீங்களா நானா?”

“நாளைக்கு லுஹர் தொழுகைக்கு முந்தித் தாறன்.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டார்கள். இராசதுரை ஐயா ஓட்டினார். றிஸ்லா முன் சீற்றில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு. பஸால் பின்னால் கொப்பியோடு. நிந்தவூர் தாண்டியதும் வயல் திறந்தது. வீதி வெறுமையாக இருந்தது.

“முப்பதில பிடிங்க ஐயா. விடாதீங்க.”

முள் முப்பதில் நின்றது, அவள் வரைந்த மூன்றுக்கு நேரே. அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எழுபத்தைந்து செக்கன் எடுக்க வேண்டும். முதற் கல் எழுபத்தைந்து. இரண்டாவது எழுபத்துநான்கு. மூன்றாவது எழுபத்தைந்து.

பஸால் எழுதிக்கொண்டே, “கல்லு நட்டவன்தான் ஒரு செக்கன் பிழை விட்டிரிக்கான்,” என்றார்.

அக்கரைப்பற்றில் காரை நிறுத்தித் தேநீர் குடித்தார்கள். இராசதுரை ஐயா போனை எடுத்து, எல்லோரும் கேட்கத்தக்கதாக அந்தக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். “சாய்ந்தமருது றிஸ்லாட மீற்றரில பிழையில்ல. பிழை என்ட கார்லயும் என்ட வாயிலயும். அவ அதக் கண்டுபிடிச்சித் திருத்தியும் தந்திரிக்கா.” அதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு ஒரு வடை கேட்டார்.

போட்டியில் அவர் ஐந்தாமிடம். ஹபரணையில் பிழையான வீதிக்குத் திரும்பிப் பன்னிரண்டு நிமிடம் விட்டிருக்கிறார். அந்தத் துண்டைக் கழித்துப் பார்த்தால் வேகத்தில் அவரைப் போல யாரும் ஒழுங்காக ஓடவில்லையாம். ஒழுங்குசெய்தவர்கள் பொனற்றைத் திறந்து பித்தளைப் பெட்டியைப் பார்த்தார்களாம். இதை அவர் இப்போதும் கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்கிறார்.

காலிக்காரர் தன் மீற்றரைத் திரும்ப அனுப்பினார். றிஸ்லா அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் இப்போது எவருடையதையும் திறக்குமுன் ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறாள். டயர் அளவு என்ன, கியர்ப்பெட்டி மாற்றியதா, டிப்ரன்சல் மாற்றியதா, தெரியாவிட்டால் காரைப் பதினாறு மீற்றர் ஒன்பது சென்ரிமீற்றர் தள்ளி எண்ணி எழுதவும். தள்ள ஆள் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களும் கடைசியில் தள்ளித்தான் அனுப்புகிறார்கள்.

இந்த மாதம் பெட்டி கேட்டு ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். ஜவுபர் பாஸ் ஒரேயடியாகப் பத்துப் பெட்டி கடைந்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.