லண்டன் மாநாடும் எங்கள் கிணற்று முறையும்

1933ஆம் வருடம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியபோது, உலக நாடுகள் எல்லாம் லண்டனில் கூடிப் பணமுடைக்கு வழி தேடப்போகின்றன என்று பத்திரிகையில் வந்தது. அதே கிழமைதான் என் மிளகாய்க் கன்றுகள் பூவை உதிர்க்கத் தொடங்கின. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

கொக்குவிலில் எங்களுக்கு நாலு பரப்புத் தோட்டம். கணவர் மலாயாவில் குமாஸ்தா. பெண்பிள்ளை தனியே தோட்டம் செய்வதாவது என்று அயல் முழுக்கச் சிரிப்பு. இந்தப் போகம் சரிவராவிட்டால் தோட்டத்தை அம்மானுக்குக் குத்தகைக்கு விட்டுவிடும்படி அவரும் எழுதியிருந்தார். அம்மான் என் தாயின் தமையன். எட்டுப் பங்குக் கிணற்றில் நாலு பங்கு அவருக்கு, ஒன்று எனக்கு. அந்த மண்ணில் நானே கொத்தி நானே நட்டது அதுதான் முதல் தடவை. விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முன்பெல்லாம் தண்ணீர் இறைக்க என் முறை நாலு நாளுக்கு ஒருதரம் அரை நாள். முழு நாளென்றால் துலா மிதித்து இறைக்க ஆள் பிடிப்பது சுலபம் என்று கிணற்றுப் பங்காளிகள் கூடி, இனி எல்லாருக்கும் எட்டு நாளுக்கு ஒருதரம் முழு நாள் என்று மாற்றிவிட்டார்கள். தண்ணீரின் அளவு குறையவில்லை. ஆனால் அவர்கள் போட்டிருந்தது குரக்கன், அதாவது கேழ்வரகு. எட்டு நாள் தாங்கும். மிளகாய் தாங்காது; அதை நட்டவள் நான் ஒருத்திதான். கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவுமில்லை.

முறையை ஏன் மாற்றினீர்கள் என்று அம்மானிடம் போய்க் கேட்டேன்.

"உனக்காக நான் கதைச்சனான்தானே, பிள்ளை. எல்லாருக்கும் ஒரே அளவு. உதிலை என்ன குறை?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாயைத் திறந்தால் வம்பு என்று திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மானே ஒரு தாளோடு வந்தார். திருவிதாங்கூரில் தீர்வையைக் கூட்டியதால் எங்கள் பகுதிப் புகையிலை போகாமல் வீட்டுக்கு வீடு தேங்கிக் கிடந்தது. அதைப்பற்றிப் பங்காளிகள் லண்டன் மாநாட்டுக்கே ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீசு அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

"வடிவா இங்கிலீசிலை எழுதித் தா, பிள்ளை."

சிரித்துக்கொண்டுதான் தாளை வாங்கினேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்புப் போய்விட்டது. உண்மையிலேயே நல்ல விண்ணப்பம். எங்களுக்கென்று அந்த மாநாட்டில் உட்கார ஒரு கதிரை இல்லை, எங்களுக்காக வெள்ளைக்காரர் பேசுவார்களாம், எங்கள் பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும், எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் சின்ன இடங்கள் தாங்குமா என்று கேட்டிருந்தார்கள். பேனாவை எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன்.

"அம்மான், உந்தக் கடைசி வரியை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தார்.

"உதைத்தான் நானும் உங்களிட்டைக் கேக்க வந்தனான்."

அவர் எழுந்து தோட்டத்துக்குள் போனார். பின்னால் நானும் போனேன். ஒரு கன்றை மெல்லத் தொட்டார். பூக்கள் அவர் கையிலேயே கொட்டின. அந்தக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை முந்தியே சொல்லேல்லை?"

"கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

மறுநாள் காலை பங்காளிகள் கிணற்றடியில் கூடினார்கள். நானும் போனேன். எனக்கு மேலதிகமாக ஒரு ஓலைப்பட்டைத் தண்ணீரும் வேண்டாம், என் ஒரு நாளை இரண்டு அரை நாளாகப் பிரித்துத் தந்தால் போதும் என்றேன். ஆள் பிடிக்கிறது கரைச்சல் என்று ஒருவர் முணுமுணுத்தார். அம்மான் அவரைப் பார்த்து, "என்ரை நாளிலை அரையை அவளுக்கு மாத்திக் குடுக்கிறன். உமக்கென்ன கரைச்சல்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில்தான் இடம் கிடைத்தது என்றாலும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். தபால் ரயிலோடு அது போனது.

லண்டனிலிருந்து பதில் வரவில்லை. மாநாடு ஒன்றும் முடிவாகாமல் கலைந்துவிட்டது என்ற செய்தியை அம்மான்தான் கொண்டுவந்தார். அப்போது முற்றத்துப் பாயில் என் முதல் ஆய்ச்சலில் பறித்த மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னுமொருக்கா எழுதுவம். எப்பவோ ஒருநாள் கேப்பினம்" என்றார். வாசற் படலைவரை போய்த் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை முறைக்கூட்டம். நேரத்துக்கு வா."

"ஓம், வாறன்."

அன்றைக்கே மலாயாவுக்குக் கடிதம் எழுதினேன். தோட்டம் குத்தகைக்கு இல்லை என்று முதல் வரியிலேயே போட்டேன்.