தள்ளாடிய வீராசாமி

போன வாரம் மலாயாவில் எங்கள் லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் ஓர் அதிசயம்... வீராசாமி அண்ணன் நேராக நடந்தார்.

யார் அவர் என்கிறீர்களா? பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். கள்ளுக் கடையே கதி என்று பெயரெடுத்தவர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நிற்க முடியாமல் ஆடுவார். "விடியுமுன்னேயேவா?" என்பார் கங்காணி. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நானோ தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி வேறு. விடுவேனா? துண்டுப் பிரசுரங்களோடு கள்ளுக் கடைக்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து உபதேசம் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். கோப்பையில் கள் தொடாமலே இருந்தது. வாயிலும் வாடையில்லை.

"அண்ணே, நீங்க குடிக்கவே இல்லையே?"

"மெல்லப் பேசுங்க வாத்தியாரே. காலு மரத்துப் போவுது. தரை எங்க இருக்குன்னே தெரியல. சீக்காளின்னா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. குடிகாரன்னா திட்டோட போயிரும். பொண்டாட்டி புள்ளைங்க இங்கல்ல இருக்கு?"

எப்படியிருக்கிறது நியாயம்? எங்கள் தோட்டத்தில் குடிக்கு மன்னிப்பு உண்டு — நோய்க்குக் கிடையாது.

கெஞ்சிக் கூத்தாடி, தோட்ட ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸரிடம் கூட்டிப் போனேன். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளி என் பிரசுரங்களைப் பறக்கவிட்டது.

"தம்பி, இது கள்ளு இல்லை. முள்ளந்தண்டுக்குள்ளை ஏதோ நெரிக்குது."

"அனுப்பிருவாங்களாங்கய்யா?" என்றார் வீராசாமி அண்ணன்.

"துரையோடை நான் கதைக்கிறன். முதல்லை படம் எடுப்பம்."

ரயிலேறிச் சிங்கப்பூர் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பிலிருந்து மொச்சைக்கொட்டை போல ஓர் எலும்புக் கட்டி உள்நோக்கி வளர்ந்து, நரம்புத் தண்டை நசுக்கிக்கொண்டிருந்தது. "புற்று இல்லை, பரவாது. சாதுவான கட்டி," என்றார் டாக்டர். சாதுவாம்... ஆளையே கீழே தள்ளுகிற சாது! இன்னும் தாமதித்திருந்தால் ஆயுளுக்கும் படுக்கைதானாம்.

கட்டியை எடுத்தார்கள். கால் தெளியச் சில மாதங்கள் ஆயின. டிரஸ்ஸர் சொன்னபடி துரையிடம் பேசியிருந்தார். போன வாரம் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டதும், கம்பில்லாமல், ஆடாமல் நின்று "இருக்கேன்" என்றார் வீராசாமி அண்ணன். வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு தன் பழைய மர நிரைக்கே நடந்தார்.

நான் கங்காணியிடம் எலும்பு, கட்டி, நரம்பு என்று விளக்க வாயெடுத்தேன்.

"சும்மாருங்க வாத்தியாரே. உங்க பேச்சைக் கேட்டுக் குடியை விட்டான், காலு நேராயிருச்சு. எங்களுக்குத் தெரியாதா?"

மறுநாள் கங்காணியே எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

சங்கத்துக்கு ஓர் ஆள் கிடைத்ததே! இரண்டாம் தடவை விளக்க நான் வாயெடுக்கவில்லை.