ஐ.டி. கேட்டவள்

வெளியே போகும் நாளில் பாலேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்காது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு, சின்னம்மா வீட்டுக்கு வந்து எட்டு மாதம். வந்த முதல் வாரமே காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் பொலிஸ் அடையாள அட்டையின் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பின்னேரம் வரை ஓரமாக நிறுத்தி வைத்தாள். அதன் பிறகு, காலையில் எதைச் சாப்பிட்டாலும் சாவடி வருமுன் பஸ்ஸிலேயே தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்துவிடும். டொக்டர் இரண்டு முறை சோதித்து, வயிற்றில் ஒரு குறையும் இல்லை என்றார். ரியூஷன் நின்றது. ஆவணியில் உயர்தரப் பரீட்சை; மண்டபம் பம்பலப்பிட்டியில், சாவடிக்கு அந்தப் பக்கம்.

"வெறும் வயித்தோட மூண்டு மணித்தியாலம் என்னெண்டு எழுதப்போறாய்?" என்று சின்னம்மா கேட்பாள். பாலேஸ்வரி தட்டைத் தள்ளி வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி ஷபீகா அவளைக் கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்தி வராமலிருக்க, வழி நெடுகத் தேசிக்காயை முகர்ந்தபடி பாலேஸ்வரி போய்ச் சேர்ந்தாள். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் நாடகம் பழகினார்கள். கதையும் அவர்களுடையதே: ஒரு பஸ், ஒரு சாவடி, ஒரு வரிசை.

பெண் பொலிஸாக நடித்த டோரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொலிஸ்காரி இப்படியா பல்லைக் காட்டுவா?" என்று நாடகம் பழக்கிய கிளெமென்ற் தலையில் கைவைத்தான்.

"அட்டையையும் அவ இப்பிடிப் பிடிக்கமாட்டா."

மூலையிலிருந்து சொன்னது பாலேஸ்வரி. எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழுந்து வந்து காட்டினாள். இரண்டு விரலால் அட்டையின் ஒரு மூலையை மட்டும் பிடித்தாள். நகத்தில் தட்டினாள். படத்தைப் பார்த்தாள், ஆளின் காதைப் பார்த்தாள், மறுபடி படம். பயத்தில் எட்டு மாதமாக அவள் வேறெதையும் பார்த்ததில்லை.

"ஐ.டி. எக்க பென்னன்ன," என்று, அட்டையைக் காட்டச் சொல்லும் பொலிஸ்காரியின் சிங்களத்தில் சொல்லிக் கையை நீட்டினாள்.

"பையில புட்டுதான் மிஸ், குண்டில்ல," என்று பயணியாக நின்ற ஷபீகா அழுதாள்.

"புட்டையும் உதிர்த்துக் காட்டு!"

மண்டபம் சிரித்தது. "தாயே, இனி நீதான் பொலிஸ்," என்றான் கிளெமென்ற்.

ஆறு ஞாயிறுகள் போயின. ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் சந்திக் கடையில் மீன் அடைத்த மாலுபாண் தின்பார்கள். மூன்றாவது ஞாயிறு அவளும் ஒன்று தின்றாள். வீடு வந்த பிறகுதான் பஸ்ஸில் சத்தி வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மீண்டும் ரியூஷனுக்குப் புறப்பட்டாள். சாவடியில் இறக்கினார்கள். அதே பெண் பொலிஸ். பாலேஸ்வரியின் முறை வந்ததும், பழக்க தோஷத்தில் பொலிஸ்காரியை முந்திக்கொண்டு அவள் கை நீண்டது; வாயும் சொன்னது.

"ஐ.டி. எக்க பென்னன்ன."

பின்னால் நின்றவர் ஓரடி விலகினார். பொலிஸ்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணியது.

"மகே ஜொப் எகத் ஓனத?" என் வேலையும் வேணுமா என்று கேட்டாள்.

நாடகம் பழகுவதாகத் தன் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பாலேஸ்வரி அட்டையைக் கொடுத்தாள். பொலிஸ்காரி ஒரு மூலையை மட்டும் பிடித்தாள். நகத்தில் தட்டினாள். படம், காது, மறுபடி படம். பாலேஸ்வரி சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சை நாள் காலை. சின்னம்மா வழக்கம்போல இரண்டு இடியப்பம் மட்டும் வைத்தாள், அதுவும் ஒரு பேச்சுக்கு.

"இன்னும் நாலு வையுங்கோ சின்னம்மா. சொதியும் விடுங்கோ."

சின்னம்மா சட்டியையே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.