சினை ஊசிக்காரர்

நத்தம் ரோட்டில் எந்தத் தொழுவத்தில் பசு கத்தினாலும் சவரிமுத்துவைத்தான் தேடுவார்கள். அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுகிறவர். சுத்துப்பட்டுக் கன்றுகளில் பாதி அவருடைய கைராசி. அவருக்கோ, சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து ஆண்மை படுத்துவிட்டது. லேகியம், பஸ்பம் எல்லாம் தின்று பார்த்தாயிற்று. மனைவி புஷ்பம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரை அரித்தது.

எண்பத்தாறாம் வருஷம் மதுரை டாக்டர் ஒருவர், உறுப்பில் தானே போட்டுக்கொள்ளும் ஊசியைக் கற்றுக்கொடுத்தார். ஒரு மணி நேரம் தாங்குமாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த மத்தியானம், குளியலறைக் கதவைச் சாத்தி, எத்தனையோ மாடுகளுக்கு ஊசி போட்ட கையால், பல்லைக் கடித்துக்கொண்டு குத்திக்கொண்டார். செத்த நேரத்தில் உடம்புக்கு உயிர் வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புஷ்பத்தைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "சார் இருக்காகளா? பசு காலைலருந்து கத்துது. இப்ப விட்டா பருவம் தப்பிப்போகும்."

இல்லையென்று சொல்லிவிடு புஷ்பம் என்று மனசுக்குள் தவித்தார். குரல் கொடுத்தால் வந்தவருக்குக் கேட்டுவிடும்.

"இருக்காக, நில்லுங்க" என்றாள் புஷ்பம். "மாட்டுக்குன்னா ஓடியாந்துருவாக."