'நோ மோர்' என்று அனுப்பிவிட்டேன்

மூன்று வருடத்துக்கு முன், நேமத்தான்பட்டியில் ஓட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில் ரிசப்ஷன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தனியாக வந்து தங்கியிருந்த எழுபது வயது வெளிநாட்டு அம்மா ஒருவர், ஒருநாள் காலை அறையைக் காலி செய்துவிட்டு, நெற்குப்பையில் உள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு மதுரை போவதாகச் சொல்லிக் காரில் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மகனிடமிருந்து ஓட்டல் வாட்ஸ்அப்புக்குச் செய்தி. அம்மா போன் எடுக்கவில்லை, அங்கே இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். 'இப்ப எங்ககிட்ட இல்ல, காலையிலேயே கிளம்பிட்டாங்க' என்று தமிழில் நினைத்து இங்கிலீஷில் தட்டினேன்: "சாரி சார். யுவர் மதர் இஸ் நோ மோர் வித் அஸ். ஷி லெஃப்ட் அஸ் திஸ் மார்னிங்."

அரை நிமிடத்தில் போன். ஒரே அழுகை. நடுவில் 'பாடி' எங்கே என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. 'நோ லாங்கர்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'நோ மோர்' என்று எழுதி, அம்மா இறந்துவிட்டதாகவே சொல்லியிருக்கிறேன்!

"நோ சார், அலைவ்!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. அம்மாவின் குரலைக் கேட்கவேண்டும் என்றார். அந்த அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். டிரைவருக்கும் லைன் கிடைக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஒரு மணி நேர வழி. பையில் போட்டிருந்த ஓட்டல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்ல? உண்மையிலேயே வழியில் ஏதாவது ஆகியிருந்தால் என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

நெற்குப்பை டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, வெள்ளைக்கார அம்மா வந்த காரைப் பாத்தீகளா?" என்றேன்.

"இப்பத்தானே அங்குட்டு போனாக" என்று கை காட்டினார் கடைக்காரர்.

அடுத்த தெருவில் கார் நின்றது. அதில் சாய்ந்தபடி கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். மூச்சு வாங்க, ஓட்டல் போனில் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கையில் கொடுத்தேன். மகன் அம்மா முகத்தையே பார்த்து அழுதார்.

பேசி முடித்ததும், அந்த அம்மா நான் அனுப்பியதைக் கேட்டு வாங்கிப் படித்தார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் கணவரும் ஊர் சுற்றப் போன இடத்தில்தான் இறந்தார், மகனுக்கு அந்தச் செய்தியும் ஒரு ஓட்டலிலிருந்துதான் போனது என்று மெதுவாகச் சொன்னார். அழ ஆரம்பித்த என் தோளைத் தட்டி, 'செக்டு அவுட்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதுமே என்றார்.

சாயங்காலம் மகனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அம்மாவைத் தேடிப்போனதற்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது. இன்றும் யாருக்கு எதை அனுப்பினாலும், அதைப் படிக்கப்போகிறவர் என்ன பயத்தோடு காத்திருக்கிறாரோ என்று விரல் ஒரு நொடி நின்றுவிடுகிறது.